ஆதார் சார்

நான் கட்டியவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் யாரும் சொல்லமாட்டார்கள் என்பது என் அனுபவம். தாராவியில் சாக்கடைக்கு மேல் நாலு பலகை போட்டு நான் ஆரம்பித்த பெல்ட் பட்டறை இன்றைக்கு மூன்று மாடி. எங்கள் சந்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது, வார்டு ஆபீஸ் பெஞ்சு தேயும்வரை நான் உட்கார்ந்ததால். எங்கள் ஊர்க்காரர்கள் சங்கக் கட்டடத்தில் ஒவ்வொரு செங்கலையும் நான் தட்டிப் பார்த்துத்தான் வைக்கவிட்டேன். எங்கள் கோயில் வாசலில், அதாவது மாதா கோயில் வாசலில், கையில் சாவியோடு நிற்கிறாரே இராயப்பர், அந்தச் சுரூபம் என் உபயம். தூத்துக்குடியில் செய்யச் சொல்லி, ரயிலில் லோயர் பெர்த் எடுத்து, போர்வை போர்த்திப் படுக்க வைத்துக் கொண்டுவந்தேன். டிக்கெட் பரிசோதகர் இது யார் என்று கேட்டார். பெரியவர், உடம்புக்கு முடியவில்லை, எழுப்ப வேண்டாம் என்றேன். எழுப்பவில்லை. படிப்பு எனக்கு நாலாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியையும் அதற்கு மேலேயும் படித்தவர்கள் என்னிடம் வேலை பார்த்தார்கள்.

இவ்வளவு செய்தவனைப் பற்றிச் சங்கத்தின் ஆண்டு மலரில் அரைப் பக்கம் கிடையாது. மலர்க் குழு என்று சொல்லிக்கொண்டு நாலு பேர் வந்து, "அண்ணாச்சி, ஆதார் சாரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க, ஒங்களுக்குத்தான் அவரை நல்லாத் தெரியும்" என்றார்கள். அவர் ஒன்றையும் கட்டவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, நான் வாங்கிப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பக்கம். சரி, எழுதுகிறேன்.

அவர் எங்கள் ஆள் இல்லை. பாலக்காட்டுப் பூர்வீகம், மாட்டுங்கா வாசம், ஐயர். கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் பழைய ரிக்கார்டுகளைக் காப்பதற்கே முப்பத்தைந்து வருஷம் சம்பளம் வாங்கியவர். ரிட்டையர் ஆனபிறகு ஒரு நாள் தானாகவே சங்கத்துக்கு வந்து, கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு மேஜை கொடுத்தால் போதும், உங்கள் ஜனங்களுக்கு உபகாரம் செய்கிறேன் என்றார். என்ன உபகாரம் என்றால், அந்தக் காலத்துக் கோயில் ஏடுகளை, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும், யாரோ புண்ணியவான்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்களாம். பேரை அடித்தால் பாட்டன் வருவார். வராவிட்டால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இதை ஒரு மனிதன் கூலி வாங்காமல் செய்கிறான் என்றால் அவனுக்கு வேறு ஏதோ வேலை இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. நான் வெளியில் சொல்லவில்லை. தோன்றியதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் மூன்று மாடி எழும்பாது.

அவர் வாயில் எப்போதும் ஒரே கேள்வி: "ஆதாரம் உண்டோ?" இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் ஜனங்கள் அவர் ஆதார் கார்டு ஆபீசர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதல் மாதம் முழுக்க வாசலில் வரிசை. பிறந்த தேதி தப்பு, புருஷன் பேர் தப்பு, போட்டோ அப்பனைப் போல இருக்கிறது என்று கார்டும் கையுமாக நின்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, "எனக்கு ஆதார் தெரியாதும்மா, ஆதாரம்தான் தெரியும்" என்றார். அது யாருக்கும் புரியவில்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மேஜையில் எப்போதும் ஒரு பென்சில், ஒரு மைப்பேனா. காதால் கேட்டதைப் பென்சிலில் எழுதுவார். ஏட்டில் கண்ணால் கண்டதை மையில் எழுதுவார். இதற்கு விதிவிலக்கே கிடையாது. சங்கச் செயலாளர் தன் முப்பாட்டன் ஒரு பாளையக்காரர் படையில் குதிரைவீரன் என்று சொன்னார். "குதிரையும் பென்சில், வீரனும் பென்சில்" என்று சொல்லிக்கொண்டே சார் எழுதினார். மூன்று வாரம் கழித்து ஏட்டில் முப்பாட்டன் அகப்பட்டார். பனையேறி. அதை மட்டும் மையில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தார். அவர் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று நான் கேட்டுப் பார்த்தேன். எலி தின்றுவிட்டதாம். என் சொந்த ஞானஸ்நானம் அகப்பட்டபோது எனக்கு மூன்று வயது கூடிவிட்டது. அறுபது நிறைந்ததற்குச் சந்து முழுவதும் பிரியாணி போட்டவன் நான். அறுபத்து மூன்றுக்குப் போட்டிருக்கிறேன். "ஏட்டிலே அப்படித்தான் உண்டு" என்றார், ஏதோ என் வயதை அவர் உண்டாக்காததுபோல.

மாட்டுங்கா ஐயர் என்பதால் நாங்கள் அவரைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டே இருந்தோம். எங்கள் தண்ணீரைக் குடிப்பாரா, டீ குடிப்பாரா என்று. குடித்தார். சர்க்கரை இல்லாத அரைக் கிளாஸ் கட்டிங் சாயா, எங்கள் கிளாசிலேயே. ஆனால் ஒரு மணிக்கொரு தரம் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வருவார். பென்சில் கரி என்பார். இருக்கலாம். எனக்குச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

இனி என் விஷயம். எங்கள் வீடு ஊரில் மணி கொடுத்த வீடு. என் தாத்தா தேவசகாயம் ஊர்க் கோயிலுக்கு மணி கொடுத்தவர். என் அப்பா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு வயதில் பம்பாய்க்கு வந்த எனக்கு ஊரில் வேறு எதுவும் சொல்லிக்கொள்ள இல்லை. அந்த வருஷத்துச் சங்க மலரில் ஒரு முழுப் பக்கத்துக்கு நான் விளம்பரம் கொடுத்திருந்தேன். 'மணி கொடுத்த வள்ளல் தேவசகாயத்தின் பேரன்' என்று. அதற்குப் பக்கத்தில் ஏட்டின் படத்தையும் போட்டுவிட்டால் ஒருவனும் வாய் திறக்கமாட்டான்.

"தேவசகாயம்" என்று சார் பென்சிலில் எழுதினார். "மணி?"

"குடுத்தாரு சார். வெங்கல மணி."

"ஆதாரம் உண்டோ?"

"மணி அங்கதான தொங்குது."

"மணி உண்டு. அவர் கொடுத்தார்ங்கறது கேள்வியாக்கும்."

எங்கள் ஊர் ஏட்டில் தேவசகாயம் என்று எத்தனை விதமாக அடித்தும் ஒருவர்கூட வரவில்லை. பக்கம் பக்கமாகவும் தள்ளிப் பார்த்தார். "உங்க தாத்தா பிறக்கவே இல்லையாக்கும்" என்றார், சிரிக்காமல். மூன்று மாடி கட்டியவனைப் பார்த்து, உன் தாத்தா இல்லை என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். அந்தச் சனிக்கிழமை நான் அவருக்கு சாயா சொல்லவில்லை.

அடுத்த வாரம் கோபம் தணியாமலே போனேன். அவர் மேஜையில் ஒரு பழைய தாள். விளிம்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அதில் ஒரே பேர், மேலிருந்து கீழே இங்கிலீஷில் இருபது முப்பது விதமாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் கடைப் பலகை படிக்கிற அளவு வரும். ராயப்பன், ரயப்பன், ரோயப்பன், இராயப்பென்.

"யாரு சார் இந்த ராயப்பன்?"

"ஒரு கேஸ்."

"கெடைக்கலியோ?"

"பதினோரு வருஷமாத் தேடறேன். பம்பாயிலே ஒரு கோயில் விடலை. அப்படி ஒரு மனுஷன் எந்த ஏட்டிலேயும் இல்லை."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் ரிக்கார்டைக் கட்டி மேய்த்த மனிதர், கண்ணாடி போட்டவர், பிளாஸ்டிக் உறையில் பேனா வைத்திருப்பவர்.

"சார், ராயப்பர்னா யாருன்னு நெனைச்சிய?"

"ஆரு? ஒரு சாமி பேரா?"

"பேதுரு சார். ராயப்பர்னாலும் பேதுருன்னாலும் ஒரே ஆளு. எங்க ஊர்ல ராயப்பர் சின்னப்பர் திருநாள்னு கொண்டாடுவாவ. சின்னப்பர்னா பவுலு. வீட்ல ராயப்பான்னு கூப்புடுவோம், சாமியாரு ஏட்ல அவரு பாஷையில பேதுருன்னு எழுதிட்டுப் போவாரு. நீங்க பீட்டரைத் தேடணும் சார். ராயப்பனைத் தேடுனா லோகம் முடியறவரைக்கும் வரமாட்டான்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. பென்சிலையும் எடுக்கவில்லை. "ஆதாரம் உண்டோ?" என்றார். ஆனால் வழக்கமான குரலில் இல்லை. உண்டு என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற குரல்.

நான் அவரைக் கையைப் பிடித்துக் கோயில் வாசலுக்கு அழைத்துப்போனேன். என் சுரூபம். பீடத்தில் தமிழில் 'புனித இராயப்பர்'. அதற்குக் கீழே இங்கிலீஷில் 'செயின்ட் பீட்டர்'. அதற்குக் கீழே உபயம் என்று என் பெயர். சார் குனிந்து முதல் வரியைத் தடவினார், இரண்டாம் வரியைத் தடவினார். மூன்றாம் வரியைத் தடவவில்லை, கவனித்தேன். அங்கேயே நின்று, பீடத்தின் மேலேயே நோட்டை வைத்து, மையில் எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்து 'பேத்ருஸ்' என்று லத்தீன் எழுத்தில் அடித்தார். அரை மணியில் ஒரு பக்கம் வந்தது. பம்பாயில் ஒரு கோயிலின் கல்யாண ஏடு. மாப்பிள்ளை பேத்ருஸ், திருநெல்வேலிப் பக்கம், டைப்ரைட்டர் மெக்கானிக். பெண் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவள், ஏதோ ஒரு மரியா. பெண்ணின் தகப்பன் பேர் என்கிற இடத்தில், வேற்றுப் பாஷைப் பாதிரியார் ஒருவர் தன் காதில் விழுந்த வாக்கில், பாலக்காட்டுக் கிராமத்தின் பேரோடு ஒரு நீண்ட பேரை எழுதி வைத்திருந்தார்.

"இது எங்கப்பா பேர்" என்றார் சார்.

அன்றைக்குத்தான் சொன்னார். அவருக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. டைப்ரைட்டிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தவள் ஒரு நாள் வீட்டில் இல்லை. டைபாய்டில் போய்விட்டாள் என்றார்கள். அம்மா கடைசிக் காலத்தில், யாரும் கேட்காமலே, இவர் காதில் ஒரு பேரைச் சொன்னாள். ராயப்பன். வேறு ஒரு விவரமும் கிடையாது. கிறிஸ்தவர்கள் வைக்கிற பேர் என்று யாரோ சொன்னதை வைத்துத்தான் கோயில் ஏடுகளில் இறங்கியிருக்கிறார். ஊர் முழுக்க எல்லோரிடமும் ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் கையில் வைத்திருந்தது மொத்தம் ஒரே ஒரு பென்சில் வார்த்தை. உபகாரம், சேவை எல்லாம் எதற்கு என்று எனக்கு இப்போது தெரிந்தது. நான்தான் முதல் நாளே நினைத்தேனே.

அந்த வாரம் மட்டும் தினமும் வந்து, நான் சொல்லச் சொல்ல அவர் பட்டியல் போட்டார். சூசை என்றால் ஜோசப், அருளப்பன் என்றால் ஜான், யாகப்பன் என்றால் ஜேம்ஸ், முடியப்பன் என்றால் ஸ்டீபன், தேவசகாயம் என்றால் லாசர். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்டார். ஒவ்வொருவருக்கும் சுரூபம் செய்து லோயர் பெர்த்தில் படுக்க வைத்துக் கொண்டுவர எனக்குச் சக்தி இல்லை, பழைய செபப்புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். பார்த்துக்கொண்டார். அந்தப் பட்டியலை வைத்துத்தான் தாராவியில் பாதிக் குடும்பம் தன் பாட்டனைக் கண்டுபிடித்தது. சங்கச் சுவரில் இன்னும் தொங்குகிறது. யார் சொல்லி எழுதியது என்று அதில் போடவில்லை.

பட்டியலால் என் தாத்தாவும் லாசராக அகப்பட்டார். சார் லத்தீன் அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மையில் எழுதி என்னிடம் நீட்டினார். தொழில்: கோயில் மணி அடிப்பவர்.

"குடுத்தவருன்னுல்லா சொன்னேன்."

"உங்க ஊர்லே பூசைக்கு மணி அடிச்சாச்சான்னு எப்படிக் கேப்பா?"

நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் நானே சத்தம் போடுகிறதுதான்: ஏலே, ரெண்டாம் மணி குடுத்தாச்சா? எங்கள் பக்கம் மணி அடிப்பதை மணி கொடுப்பது என்றுதான் சொல்வோம். என் அப்பா பொய் சொல்லவில்லை. நான்தான் பம்பாய்க் காதால் கேட்டிருக்கிறேன். முழுப் பக்க விளம்பரம் அச்சாகி முடிந்திருந்தது. அதை நான் மாற்றவில்லை. யோசித்துப் பாருங்கள், மணியை வாங்கிக் கொடுக்கிறவன் ஒரே ஒரு நாள் கொடுக்கிறான். என் தாத்தா தினம் மூன்று வேளை கொடுத்திருக்கிறார். யார் வள்ளல்?

அதன்பிறகு சார் அந்தக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டைத் தள்ளிப் பார்த்து, பேத்ருஸ் தம்பதிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது வரை வந்தார். அதோடு இன்டர்நெட் நின்றுவிட்டது. அதற்கு மேலே நான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்று, டைப்ரைட்டர் மெக்கானிக் ராயப்பன் என்று கேட்டேன். இரண்டாவது ஞாயிறே ஒரு பழைய ஆள், "அவன் ட்ராம்பே பக்கம் குடிசை போட்டாம்லா, பொறவு அரசாங்கம் எல்லாத்தையும் பிச்சு சீத்தா கேம்ப்புல கொண்டு போட்டுது" என்றார். இன்டர்நெட்டுக்குப் பதினோரு வருஷம். எனக்கு இரண்டு ஞாயிறு. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சீத்தா கேம்ப்புக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அவர் ஃபைலைத் திறந்து திறந்து மூடினார். கதவைத் திறந்த பெண்மணிக்கு அறுபதை ஒட்டிய வயது. கழுத்தில் தையல் டேப். உள்ளே மிஷினில் பாதித் தைத்த ஜாக்கெட்.

"தாயி, நாங்க தாராவியிலேருந்து வாரோம்" என்றேன். "உங்க அப்பா டைப்ரைட்டர் மெக்கானிக்கா?"

"ஆமா. அவரு போயி இருவது வருசம் ஆச்சு. அவரு பேர்ல லோன் எதும் நிக்கா?"

"லோன் எல்லாம் இல்ல. இவுக உங்க அம்மை கூடப் பொறந்த தம்பி. ஒங்களுக்கு மாமன்."

அவள் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். "எங்கம்மைக்கு யாருங் கெடையாதுன்னு அம்மையே சொல்லிருக்காவ. இம்புட்டு வருசம் இல்லாத மாமன் இப்ப எங்கேருந்து வந்தாரு? ரூமை இடிச்சு பில்டிங்ல வீடு குடுக்கப்போறாவன்னு கேள்விப்பட்டுப் பங்குக்கு வந்தியளோ?"

"சேச்சே, அப்படி இல்ல தாயி..."

"தம்பிங்கதுக்கு என்ன ஆதாரம்?"

நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் ஒரு மனிதன் ஊரைப் பார்த்துக் கேட்ட கேள்வி, பஸ் பிடித்துப் போய் அவனுக்கே கிடைத்தது. அவர் சிரிக்கவில்லை. சரியான கேள்வி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு ஃபைலைப் பிரித்தார். கல்யாண ஏட்டின் நகல். "இது உங்க அம்மாவோட அப்பா பேர். இது என் பென்ஷன் புஸ்தகம், இதிலே என் அப்பா பேர். ரெண்டும் ஒண்ணு."

"ஒரே பேர்ல நூறு பேரு இருப்பாவ. நீங்களும் எங்கம்மையும் ஒரு வீட்ல இருந்தியன்னு சொல்லுத காயிதம் இருக்கா?"

அவர் ஃபைலைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அதில் இல்லை என்று அவருக்கே தெரியும். "இல்லை" என்றார். "ரேஷன் கார்டிலே அவ பேரை அடிச்சுட்டா. எனக்குப் பிறந்த சர்ட்டிபிகேட்டே கிடையாது. ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற காயிதம் லோகத்திலே ஒண்ணும் இல்லை." ஃபைலை மூடிவிட்டுக் கேட்டார்: "அவ... இருக்காளா?"

"அம்மை போயி ஒம்பது வருசம்."

"அதுக்கு ஆதாரம் உண்டோ?"

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடுவிடென்று உள்ளே போய், பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் போட்டாள். கோயிலில் கொடுத்த அடக்கச் சீட்டு. அவர் அதை இரண்டு தரம் படித்தார். பேனாவைத் திறந்து, நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். மூடினார். பிறகு, "இங்கே ஒரு வாளி தண்ணி உண்டோ? எனக்குக் குளிக்கணும்" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதினால் மலர்க் குழு அச்சடிக்காது. எங்கள் கிளாசில் சாயா குடித்ததெல்லாம் நடிப்பு, கை கழுவியதுதான் நிஜம் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே திறந்தாள்.

"எங்க நடையில கால் வச்சதுக்குக் குளிக்கணுமாக்கும்?"

"அதில்லைம்மா." அவர் நின்றுகொண்டே பேசினார். "அக்கா போயிருக்கா. தெரிஞ்ச உடனே குளிக்கணும். பத்து வயசிலே ஒரு தடவை என்னைக் குளிப்பிச்சா, டைபாய்டிலே போயிட்டான்னு சொல்லி. பொணம் எங்கேன்னு கேட்டேன். அப்பா அறைஞ்சார். அந்தக் குளி சேராது. அவ அப்போ உயிரோட உண்டு."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை மிதித்துக்கொண்டிருந்தான், அது கிளம்பவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி உண்டோன்னா கேட்டிய?"

"ஆமாம்."

"எங்கம்மையும் இப்படித்தான். உப்பு உண்டோ, கேஸ் உண்டோ. இந்த கேம்ப்புல அவளை யாருக்கும் பேர் சொல்லித் தெரியாது. உண்டோம்மான்னுதான் கூப்புடுவாவ."

அவள் மூலையில் இருந்த நீல டிரம்மின் மூடியைத் திறந்தாள். அங்கே தண்ணீர் என்பது குழாயில் வருகிற சங்கதி இல்லை, தூக்கிக்கொண்டு வந்து நிரப்புகிற சங்கதி. ஒரு வாளி முழுக்க மொண்டு, வாசலை ஒட்டிக் குளிக்கிற மோரியில் வைத்தாள். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அவர் உட்கார்ந்து, வேஷ்டியோடு, தலை வழியாக ஊற்றிக்கொண்டார். ஒரு சொம்பும் வீணாக்கவில்லை. எழுந்து வந்தபோது அவள் ஒரு துண்டை நீட்டி, "மாமா, தலையத் தொவட்டுங்க. சளி புடிச்சுக்கிடும்" என்றாள்.

அவர் துண்டை வாங்கிக்கொண்டு, "உண்டோங்கற வார்த்தையெல்லாம் ஆதாரமாகாது" என்றார். "பென்சில்லே போட்டுக்கறேன்." முகத்தில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. எது வாளித் தண்ணீர், எது வேறு தண்ணீர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

அதற்குப் பிறகு அவர் அக்காவின் வம்சத்தை ஒரு பெரிய தாளில் வரைந்தார். இரண்டு மாத வேலை. அப்பா, அம்மா, அக்கா, பேதுரு என்கிற ராயப்பன், மகள், மகளின் மக்கள். அடியில் ஆதாரங்கள். மூன்றாவது ஆதாரத்தைப் படித்துவிட்டு நான் சண்டைக்குப் போனேன். 'ராயப்பன் என்பது பேதுருவே: தாராவி, கோயில் வாசல், சுரூபத்தின் பீடம்' என்று மையில் இருந்தது. அதற்குக் கீழே, கண்ணில் படாத பென்சிலில், 'சொன்னவர் அண்ணாச்சி, வாய்மொழி.'

"பீடமா சார் ஒங்ககிட்ட வந்து பேசிச்சு?"

"பீடத்திலே எழுத்து உண்டு. நீங்க சொன்னதுக்கு ஆதாரம் உண்டோ?"

"எதிர்த்தாப்ல உக்காந்து சொன்னேம்லா. நீங்கதான கேட்டிய."

"கேட்டது நான் ஒருத்தன். என் வார்த்தையும் வாய்மொழியாக்கும், ஓய்."

என்னை அவர் ஓய் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்காக விட்டுவிட்டேன். விட்டிருக்கக்கூடாது.

அசலைச் சங்க பீரோவில் வைத்துவிட்டு, ஜெராக்ஸ் எடுத்து அக்கா மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஊரடங்கு வருவதற்கு முந்தின வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். சங்கத்தில் படம் திறந்தார்கள். நான்தான் மாலை போட்டேன்.

போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்கச் சீத்தா கேம்ப் போனேன். அந்த ஜெராக்ஸை லாமினேட் செய்து, மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். என் பெயரைத் தேடினேன். இல்லை. பென்சில் எழுத்து ஜெராக்ஸில் விழாது என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, என் தலையெழுத்து என்று நிமிர்ந்தவன், மேல் வரிசையையும் பார்த்தேன். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், அக்கா இருக்கிறாள். அக்காவுக்குப் பக்கத்தில் தம்பிக்கான கோடு இல்லை. வெறும் வெள்ளை. அந்த மனுஷன் தன்னையும் பென்சிலில்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"மாமாவை நான் எங்க தேடுனாலும் இதுல காணலியே அண்ணாச்சி" என்றாள் அவள்.

மலர்க் குழு அந்த ஜெராக்ஸைத்தான் அச்சுக்கு வாங்கிவைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஆகவே குழுவினர் கவனத்துக்கு. அசல் தாள் சங்க பீரோவில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் அக்காவுக்குப் பக்கத்தில் பென்சிலில் உள்ள தம்பியின் பெயரை மையில் எழுதுங்கள். ஆதாரம் கேட்டால், ஒரு வாளித் தண்ணீர். பார்த்தவன் நான். இதுவரை அது வாய்மொழி. இப்போது எழுத்தில் கொடுத்துவிட்டேன். அதை எழுதி முடித்த கையோடு, மூன்றாவது ஆதாரத்துக்குக் கீழே, அதே மையில், பீடம் என்கிற எழுத்துக்குக் குறையாத அளவில், ராயப்பன் என்றால் பேதுரு என்று சொன்னவன் பெயரையும் எழுதவும். அண்ணாச்சி என்று போட்டால் போதாது, முழுப் பெயர் வேண்டும். எழுத்துப்பிழை கூடாது. சந்தேகம் இருந்தால் பீடத்தில் மூன்றாவது வரியைப் பார்த்துக்கொள்ளவும்.